தகவல் வரவில்லை

மருத்துவமனையில் அவனுடைய நெஞ்சுக்குள் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியைப் பொருத்தி அனுப்பிய மூன்றாம் நாள், இதயத் தாளக் கண்காணிப்புத் துறையிலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம் அவனுடைய இதயத்துக்கு. "அன்பார்ந்த உறுப்பினரே, தங்களை எங்கள் குடும்பத்தில் சேர்த்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்" என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் போயிற்று. இரண்டாவது அவனுக்கு. அது மூன்றே வரி. "சுமப்பவர் கவனத்துக்கு: உறுப்பினரைக் குலுக்காமலும் கோபப்படுத்தாமலும் வைத்துக்கொள்ள வேண்டியது. தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்."

முதல் கடிதத்தைப் பிரிக்கலாமா கூடாதா என்று அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். ஒருவர் பேருக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் பிரிப்பது முறையில்லை. கடைசியில், இதயத்துக்குக் கை கிடையாது என்ற நியாயத்தின் பேரில் பிரித்தான்.

அவன் கட்டட வேலைத்தளத்தில் கோபுர கிரேன் ஓட்டுகிறவன். அறுபது மீட்டர் உயரத்தில், ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய கண்ணாடிக் கூண்டுக்குள் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவான். அதனால் தளத்தில் அவனுக்குக் 'கொக்கு' என்று பெயர். வயது இருபத்தேழு. எதையும் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு: எத்தனை மணிக்கு எத்தனை கம்பிக்கட்டு தூக்கினான், காற்று எந்தப் பக்கம் அடித்தது, பிரேக் எத்தனை முறை முனகியது. குறித்த பிறகு, சரியாகத்தான் குறித்தோமா என்ற சந்தேகமும் தவறாமல் வரும்.

ஒரு நாள் காலை கிரேன் ஏணியின் முதல் படியில் கால் வைத்தவன், அப்படியே மல்லாக்க விழுந்தான். ஹெல்மெட் இருந்ததால் மண்டை தப்பியது. கண் விழித்தபோது சூப்பர்வைசர் அவன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஏணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொக்கு, இதையே நீ அம்பதாவது படியில பண்ணியிருந்தா உன்னை அள்ளிட்டுத்தான் போயிருக்கணும். ஏன் விழுந்தேன்னு எழுத்துல கொண்டா. அதுவரைக்கும் மேல ஏறாத."

அன்றிலிருந்து அவனுக்குச் சாமான் அறையில் வேலை. வருகிறவர்களுக்குக் கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி அடுக்க வேண்டும்.

கருவியை வைத்த மருத்துவர் தெளிவாகத்தான் சொன்னார். "உங்க இதயம் நடுவுல சில விநாடி நின்னுட்டுத் திரும்ப ஓடுதோன்னு எனக்குச் சந்தேகம். நின்னா இது பிடிச்சிடும். பிடிச்சுட்டா வைத்தியம் இருக்கு, நீங்க பழையபடி ஏணி ஏறலாம். பிடிக்காமலே போயி, ஒரு தடவை நின்னது திரும்ப ஓடலைன்னா..." அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவனும் முடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.

அதே மருத்துவமனையின் நான்காவது மாடியில் இருந்த அந்தக் கண்காணிப்புத் துறையில் அவனுடைய அக்கா பதிவு எழுத்தர். பன்னிரண்டு வருஷ அனுபவம். "எவனோ ஒருத்தன் உன் இதயத்தைப் பார்க்கிறதுக்கு நான் பார்க்கிறது நல்லதில்லையாடா?" என்று சொல்லி, அவன் கோப்பைத் தன் மேஜைக்கே வாங்கிக்கொண்டாள். அவன் முதல்முறை கிரேன் ஏறிய அன்று கழுத்து வலிக்க வலிக்கக் கீழே நின்று பார்த்தவள் அவள். அவனுக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

புதிய சுமப்பவர்களுக்கு ஓர் அறிமுகக் கூட்டம் நடந்தது. இயக்குநர் பேசினார். நெற்றி அகன்றவர், குரலும் அகன்றது.

"இத்தனை நாளா இதயம் உங்களோடதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்க. அது பழைய காலத்து எண்ணம். இன்னியிலேருந்து அது எங்களுக்கு நேரடியா அறிக்கை கொடுக்குது. உங்க மூலமா வர வேண்டிய அவசியமே இல்ல. உங்களுக்கு மயக்கம் வருதா, நெஞ்சு வலிக்குதா, அதையெல்லாம் எங்ககிட்ட வந்து சொல்லாதீங்க. நோயாளி சொல்றதக் கேட்டுத்தான் மருத்துவம் இத்தனை வருஷம் கெட்டுப் போச்சு."

முன்வரிசையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவர்கள் துறை ஊழியர்கள் என்பது பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

மாதா மாதம் 'சிறந்த இதயம்' தேர்ந்தெடுக்கப்பட்டது. அதிகம் துடிக்கும் இதயமே அதிகம் உழைக்கும் இதயம் என்பது துறையின் கணக்கு. முதல் மாதம் ஒரு தையற்கார அம்மாவின் இதயத்துக்குக் கேடயம் கிடைத்தது. உட்கார்ந்த இடத்திலேயே நிமிடத்துக்கு நூற்றைம்பது துடிப்பு. அந்த அம்மாவை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. "என்ன உற்சாகம் பாருங்க!" என்று இயக்குநர் மைக்கில் வியந்தார். கேடயத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. நெஞ்சுக்கு நேரே பிடித்துப் படம் எடுத்துவிட்டு, இறங்கும்போது வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் மாதம் அவனுக்கு முதல் குறிப்பாணை வந்தது.

"14ஆம் தேதி காலை 10.42 மணிக்கு, ஐந்து விநாடிகள் தங்களிடமிருந்து தகவல் வரவில்லை. காரணம்: சுமப்பவரின் கவனக்குறைவு. விளக்கம் தருக."

அவன் தன் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தான். 14ஆம் தேதிக்குக் கீழே இப்படி இருந்தது: "காலை 10.40 அல்லது 10.45. தச்சருக்குக் கையுறை எடுத்துக் கொடுக்கையில் கண் இருண்டது. இருண்டதாகத் தோன்றியும் இருக்கலாம். அலமாரியைப் பிடித்துக்கொண்டேன். காலையில் சரியாகச் சாப்பிடவில்லை."

சாப்பிடாமல் போனது தன் தவறுதான் என்று அவனுக்குப் பட்டது. "இனி கவனமாக இருப்பேன்" என்று விளக்கம் எழுதி அனுப்பினான். விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்றும், அடுத்த முறை ஏற்றுக்கொள்ளப்படாது என்றும் பதில் வந்தது.

அன்றிலிருந்து வயிறு நிறையச் சாப்பிட்டான். அடுத்த குறிப்பாணை வந்தது. கருவியின் தகவலைத் துறைக்கு அனுப்பும் பெட்டி வீட்டில் இருப்பதால்தான் இப்படி ஆகிறதோ என்று நினைத்து, அதைத் துணிப்பையில் போட்டு வேலைக்கும், தான் கட்டட வரைபடம் படிக்கும் மாலை வகுப்புக்கும் தூக்கிக்கொண்டு போனான். அதற்கும் குறிப்பாணை வந்தது. மாலை வகுப்பில், கரும்பலகையைப் பார்த்துப் படம் வரைந்துகொண்டிருந்தபோது ஆறு விநாடி. சாமான் அறையில் நிற்பதை விட்டு உட்கார்ந்தே கையுறை கொடுத்தான். சிரிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டான். குறிப்பாணைகள் தங்கள் பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தன.

ஐந்தாவதுக்குப் பிறகு 'பொறுப்புடன் சுமத்தல்' என்ற மூன்று நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பயிற்சியாளர் ஆளுக்கொரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, நான்கு மாடியும் ஏறி இறங்கச் சொன்னார். தளும்பக் கூடாது, தளும்பினால் மறுபடி முதலிலிருந்து. அவனுக்கு முன்னால் போன ஓய்வுபெற்ற தபால்காரர் இரண்டாவது மாடியில் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"ஐயா, எனக்கு மூச்சு வாங்குது."

"உங்களுக்கு வாங்கட்டும் பெரியவரே. டம்ளரைப் பார்த்துப் பிடிங்க" என்றார் பயிற்சியாளர்.

தபால்காரர் அவன் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "தம்பி, முப்பத்தஞ்சு வருஷம் ஊரார் கடுதாசியைச் சுமந்தேன். ஒருத்தரும் என்னை இப்படித் திட்டினதில்ல."

அந்த வாரக் கடைசியில் அக்கா வீட்டுக்குப் போனான். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு அடிக்கடி ஒரு மாதிரி வருதுக்கா."

"ஒரு மாதிரின்னா?"

"கண்ணு இருட்டிக்கிட்டு... சரியாச் சொல்லத் தெரியல. ஒருவேளை நானா நினைச்சுக்கிறேனோ என்னவோ."

"நீ சின்ன வயசுலேருந்தே அப்படித்தானேடா. பூட்டின கதவைப் போய் மூணு தடவை இழுத்துப் பார்ப்ப." அவள் சட்டைக் கையை நீவி மடித்தாள். "பயப்படாத. உன் பேர்ல ஒரு நிலுவையும் இல்ல. உன் கோப்பு மாதிரி சுத்தமான கோப்பு எங்க மாடியிலயே கிடையாது."

அவனுக்கு நிம்மதியாக இருந்தது. இருந்தும் குறிப்பேட்டில் எழுதுவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை.

ஒன்பதாம் மாதம் பதினோராவது குறிப்பாணை வந்தது. அன்று சாமான் அறையில் வேலை குறைவு. அவன் ஒரு வெள்ளைத் தாளில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் குறிப்பாணைகளின் தேதியும் நேரமும், வலப்பக்கம் தன் குறிப்பேட்டில் கண் இருண்ட தேதியும் நேரமும் எழுதினான். பதினொன்றுக்குப் பதினொன்று பொருந்தியது. ஒன்றில்கூட ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இல்லை.

முதலில் அவன் தன்னைத்தான் சந்தேகப்பட்டான். குறிப்பாணையைப் பார்த்த பிறகு, அதற்கேற்ப நாமே எழுதிவிட்டோமோ? இல்லை. அவன் எழுதியது அன்றன்று. குறிப்பாணை வருவது ஒரு வாரம் கழித்து. கூட்டிப் பார்த்த கணக்கை மறுபடி கூட்டுவதுபோல மூன்று முறை சரிபார்த்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு நான்காவது மாடிக்குப் போனான்.

அங்கே ஒரே பரபரப்பு. மேலிடத்திலிருந்து விருந்தினர்கள் வருகிறார்கள். 'நிலுவை இல்லா ஆண்டு' விழா. அக்கா தன் மேஜையில் கணினித் திரையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவா வர்றது? சீக்கிரம் சொல்லு."

தாளைக் காட்டினான். அவள் அதை மேலோட்டமாகப் பார்த்தாள்.

"சரி, இதுல என்ன?"

"அந்த நேரத்துல என்ன பதிவாயிருக்குன்னு எனக்குக் காட்டுக்கா."

அவள் அலுத்துக்கொண்டே அவன் கோப்பைத் திறந்தாள். திரையில் மலையும் பள்ளமுமாக ஓடிய கோடு, ஓரிடத்தில் படுத்துவிட்டது. படுத்தபடியே கொஞ்ச தூரம் போய் மறுபடி எழுந்தது.

"பாத்தியா? இங்கதான் தகவல் வரல."

"கோடு இருக்கேக்கா."

"நேரா இருக்குல்ல."

"தகவல் வரலைன்னா கோடே இருக்கக் கூடாதில்ல? கோடு வந்திருக்கு. துடிப்புதான் வரல."

"இது துடிப்பைப் பதிவு பண்ற துறைடா. துடிப்பு இல்லைன்னா நாங்க எதைப் பதிவு பண்றது? நேர்கோடுன்னா தகவல் இல்லைன்னு விதிமுறையிலயே போட்டிருக்கு. காரணத்தைப் போட்டு மூடிடணும். அஞ்சு நிமிஷத்துக்குள்ள மூடலைன்னா பதிவு சிவப்பாயிடும். ஒரு சிவப்பு இருந்தாலும் மாடி முழுக்க நிலுவைல வந்துடும்."

"காரணத்தை யார் போடறது?"

அவள் திரையில் ஒரு சின்னப் பட்டியலைத் திறந்து காட்டினாள். மூன்று வரிகள் இருந்தன. ஒன்று: சுமப்பவர் வெளியூர். இரண்டு: சுமப்பவரின் கவனக்குறைவு. மூன்று: சுமப்பவர் காலமானார்.

"இந்தப் பதினொன்னையும்..."

"நான்தான்டா மூடினேன். வேற யார்கிட்டயாவது போயிருந்தா வெளியூர்னு போட்டிருப்பான். அப்புறம் வீட்டுக்கு ஆய்வு, அலைச்சல். உனக்கு எது கஷ்டம் கம்மியோ அதைத்தான் பார்த்துப் பார்த்துப் போட்டேன். பின்ன, மூணாவதைப் போடச் சொல்றியா?"

அவள் கோபமாகத்தான் கேட்டாள். உதவி செய்தும் நல்ல பேர் கிடைக்காத கோபம். அவன் அந்தப் படுத்த கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கருவி பிடித்துவிட்டது. பதினோரு முறை பிடித்துக் கொடுத்திருக்கிறது. பிடித்ததையெல்லாம் வாங்கி, அவன்மேல் புகாராக எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவனும் ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டிருக்கிறான்.

"மருத்துவருக்கு இது போகலையா?"

"தகவல் இல்லைங்கிற தகவலை எப்படிடா அனுப்புவாங்க?"

அப்போது இயக்குநர் வந்தார். சட்டையில் ரோஜா குத்தியிருந்தது. அக்கா சட்டென்று எழுந்து, "என் தம்பி சார். நம்ம சுமப்பவர்தான்" என்றாள்.

"அருமை! மேடையில நேரடிச் செயல்விளக்கத்துக்கு ஓர் ஆள் தேடிக்கிட்டிருந்தேன்" என்று இயக்குநர் அவன் தோளில் கை போட்டார். "சார், நான் ஒண்ணு சொல்லணும்" என்று அவன் தாளை நீட்டினான். "சொல்லலாம், சொல்லலாம். உங்க இதயமே சொல்லும்" என்று சொல்லியபடி அவர் அவனைக் கூட்ட அறைக்குள் நடத்திப் போனார்.

மேடையின் நடுவில் அவனை நிறுத்தினார்கள். பின்னால் சுவரளவு திரை. அதில் அவனுடைய இதயத்தின் கோடு நேரடியாக ஓடிக்கொண்டிருந்தது. மேடை ஓரத்துச் சின்ன மேஜையில் கணினியோடு அக்கா உட்கார்ந்தாள். விருந்தினர்கள் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டிருந்தார்கள்.

"பெரியோர்களே," என்றார் இயக்குநர், "இந்த ஆண்டு நாற்பத்தோராயிரம் பதிவு. நிலுவை பூஜ்யம். சிலர் கேக்கறாங்க, இதனால எத்தனை பேர் பிழைச்சாங்கன்னு. அது எங்க வேலை இல்லீங்க. அது வேற மாடி. எங்ககிட்ட வர்ற எந்தப் பதிவும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல உயிரோட இருந்ததில்ல. இதைவிட ஒரு துறை வேற என்ன சாதிக்க முடியும்?"

கைதட்டல் கேட்டது. அது ஓயும் முன்பே அவனுக்குத் தெரிந்துவிட்டது. காது அடைத்தது. விளக்குகள் ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கின. அவன் அக்காவைத் தேடினான். அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தள்ளாடுவதை அவள் பார்த்ததை அவன் பார்த்தான். பிறகு அவள் கண் திரைக்குப் போயிற்று. கை மேஜைமேல் எதையோ தேடியது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

கண் விழித்தபோது முகத்துக்கு மேலே இயக்குநரின் ரோஜா தெரிந்தது. அவர் முகம் சபையைப் பார்த்திருந்தது. மைக் இன்னும் கையில்தான் இருந்தது.

"...ஏழு விநாடி! திரையில எல்லாரும் பாத்தீங்க. எவ்வளவு நேர்த்தியான நேர்கோடு! சுமப்பவரோட கவனக்குறைவுன்னா என்னன்னு இதைவிடத் தெளிவா யாரும் காட்ட முடியாது. தம்பிக்கு ஒரு கைதட்டல் குடுங்க!"

விருந்தினர்கள் தட்டினார்கள். ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.

அக்கா அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். "பயந்தே போயிட்டேன்டா. உனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல."

"நான் விழுந்ததைப் பாத்தேல்ல?"

"பாத்தேன்டா."

"அப்போ எழுதுக்கா. விழுந்தான்னு எழுது."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதுக்கு இடமில்லையேடா அந்தப் பட்டியல்ல."

"என்ன போட்ட?"

அவள் புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூடிட்டியா?"

"விருந்தாளிங்க முன்னாடி திரை சிவப்பாயிடக் கூடாதுன்னு..." அவள் அவன் தலையைத் தடவினாள். "அதை முடிச்சிட்டு அடுத்த நொடியே ஓடி வந்துட்டேன்டா. வேற யாராவது இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பாங்களா, சொல்லு?"

அவன் எழுந்து உட்கார்ந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கூட்ட அறையை விட்டு வெளியே வந்தான். லிஃப்டில் இறங்கிக் கீழ்த்தளத்தில் இருந்த அவசரப் பிரிவுக்குப் போனான். ஒரே கட்டடம், நான்கு மாடிதான் இடைவெளி. அக்கா அவன் பேரிலிருந்த காகிதக் கோப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே படியில் ஓடி வந்தாள்.

அவசரப் பிரிவில் ஒரு செவிலி அவனைக் கட்டிலில் படுக்க வைத்து, மணிக்கட்டைப் பிடித்தாள். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வாய்க்குள் எண்ணினாள். பாதியில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, விரலை இன்னும் அழுத்தி வைத்துக் காத்திருந்தாள். அவனுக்குக் கண் லேசாக இருண்டு தெளிந்தது. அவள் முகம் மாறியது.

"நின்னு நின்னு வருதே" என்றாள். "இத்தனை நாளா யாருமே உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாங்க சிஸ்டர். பதினோரு தடவை எழுத்துலயே சொன்னாங்க. என் கவனக்குறைவுன்னு."

அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. திரும்பி மருத்துவரைக் கூப்பிட்டாள். ஒருவர் ஒயர்களோடு ஓடி வந்தார். நெஞ்சில் எதையோ ஒட்டினார்கள். இன்றைக்கே உள்ளே சேர்க்க வேண்டும், இப்போதே மேலே கொண்டு போக வேண்டும் என்று தலைமாட்டில் பேசிக்கொண்டார்கள்.

"கூட யாராவது இருக்கணுமே," என்று செவிலி நிமிர்ந்து பார்த்தாள். கட்டிலின் கால்மாட்டில், கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி, மூச்சு வாங்க நின்றவளைக் காட்டிக் கேட்டாள்: "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

அக்கா வாயைத் திறந்தாள்.

"இவங்க நாலாவது மாடித் துறையிலேருந்து வந்திருக்காங்க" என்றான் அவன்.